மருந்தின் விலையை யார் கொடுப்பது?

நோய் புகுந்த வீட்டில் இரண்டு கவலைகள் ஒன்றாக நுழைகின்றன. படுத்தவர் எழுவாரா என்பது ஒன்று. மருத்துவருக்கும் மருந்துக்கும் கொடுக்கப் பொருள் எங்கே என்பது மற்றொன்று. முன்னதை இறைவனிடம் ஒப்படைத்து மனம் ஆறுவோர் உண்டு. பின்னதை ஒப்படைக்க ஆள் கிடைப்பதில்லை. நள்ளிரவில் கழற்றப்படும் வளையலும், விடிந்ததும் அடகுக் கடைக்குப் போகும் சங்கிலியும், உறவினர் வாசலில் தயங்கி நிற்கும் கால்களும் நம்மில் எவருக்கும் புதியன அல்ல.

இந்த இரண்டாவது கவலையை ஒரு நாட்டு மக்கள் அனைவரிடமிருந்தும் நீக்கிவிட முடியுமா? நீக்கினால் அந்தச் செலவு எங்கே போகும்? யார் தலையில் விழும்? பிரிட்டன் 1948ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு ஒரு விடை எழுதிற்று. அவ்விடையைப் போற்றினோரும் பலர், தூற்றினோரும் பலர், அதன் வரவு செலவைப் பொறுமையுடன் படித்தோரே குறைவு. அந்த வரலாற்றை அதன் கணக்கோடு சேர்த்து நாம் இங்கே காண்போம்.

முன்பிருந்த நிலை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனின் மருத்துவமனைகள் இரு வகையாக இருந்தன. ஒரு வகை, செல்வர்களின் நன்கொடையாலும் அறக்கட்டளைகளாலும் நடந்தவை. புகழ்பெற்ற லண்டன் மருத்துவமனைகள் பல இவ்வகையின. மற்றொரு வகை, ஏழையர் சட்டத்தின்கீழ் அமைந்த ஏழையர் விடுதிகளை ஒட்டி வளர்ந்த நோயாளிக் கூடங்கள். 1929ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ஊராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. பெயர் மாறிற்றேயன்றி, அவற்றின் வாசலில் கால் வைப்பதற்கு இருந்த வெட்கம் நெடுநாள் மாறவில்லை.

அறக்கொடை மருத்துவமனைகளில் பெரிய நிபுணர்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். பெருந்தன்மை இருந்ததும் உண்மையே. ஆனால் அந்நிபுணர்கள் தம் குடும்பத்தை நடத்தியது வசதி படைத்த தனி நோயாளிகளிடம் பெற்ற கட்டணத்தால். ஆகவே செல்வர் வாழும் நகரங்களில் நிபுணர்கள் நெருக்கமாக இருந்தனர். நிலக்கரியும் இரும்பும் எடுக்கும் ஊர்களில், நோய் மிகுந்திருந்த இடங்களில், அவர்கள் அரிதாக இருந்தனர். மருத்துவம் நோயைத் தேடிப் போகவில்லை. பணத்தைத் தேடிப் போயிற்று.

1895ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 'ஆல்மனர்' என்னும் புதிய பதவி ஒன்று ஏற்பட்டது. நோயாளியின் வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கொடுக்க இயலும் என்று விசாரிப்பது அப்பதவியில் அமர்ந்த பெண்மணியின் கடமைகளுள் ஒன்று. பின்னர் பல மருத்துவமனைகள் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. அவர்களுள் இரக்கமுள்ளோர் பலர். எனினும் உடல் நோயைச் சொல்ல வந்தவர் முதலில் தம் வறுமையைச் சொல்லவேண்டியிருந்தது. செல்வர் பொருளில் இல்லாதார்க்கு ஓர் உரிமைப் பங்கு உண்டு என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஆனால் உரிமையாக வருவதற்கும், கேட்டுப் பெற்றுத் தலை குனிவதற்கும் உள்ள தூரத்தை, கேட்டவரே அறிவார்.

ஒன்பது பென்னியும் ஒரு குறையும்

இந்நிலையை மாற்ற முதலில் முனைந்தவர் நிதியமைச்சராயிருந்த லாயிட் ஜார்ஜ். அவர் கொண்டுவந்த 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டத்தின்படி, தொழிலாளி வாரந்தோறும் 4 பென்னி செலுத்துவார்; முதலாளி 3 பென்னி சேர்ப்பார்; அரசு 2 பென்னி சேர்க்கும். நான்கு பென்னிக்கு ஒன்பது பென்னி என்று இதை மக்களிடம் விளக்கினர். நோயுற்ற தொழிலாளிக்குச் சில வாரங்கள் பணவுதவியும், பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இலவச சிகிச்சையும் கிடைத்தன.

பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் காப்புறுதி தொழிலாளிக்கு மட்டுமே உரியது. அவர் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. காசநோய் போன்ற சிலவற்றைத் தவிர மருத்துவமனைச் செலவும் அதில் அடங்கவில்லை. கூலி கொண்டுவரும் ஆண்மகனைப் பழுது பார்த்து மீண்டும் வேலைக்கு அனுப்புவதே சட்டத்தின் நோக்கமாயிற்று. வீட்டில் அடுப்பெரிக்கும் பெண் தன் வலியை மறைத்தாள். மருத்துவருக்குக் கொடுக்கும் ஷில்லிங்கில் குழந்தைகளுக்கு ரொட்டி வாங்கலாம் என்பது அவள் கணக்கு. எந்த நாட்டு நிதியறிக்கையிலும் ஏறாத கணக்கு அது.

ஒரு சுரங்க ஊரின் பாடம்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் டிரெடிகர் என்று ஒரு சுரங்க ஊர். அங்குள்ள தொழிலாளர்கள் 1890ஆம் ஆண்டில் தங்களுக்குள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்தனர். வாரக் கூலியில் பவுன் ஒன்றுக்குச் சில பென்னிகள் பிடித்தம். அதைக்கொண்டு சங்கமே மருத்துவர்களை அமர்த்தியது, மருந்தாளர்களை வைத்தது, பல் மருத்துவத்துக்கும் வழி செய்தது. உறுப்பினர் மட்டுமின்றி அவர் குடும்பமும் பயன் பெற்றது. காலப்போக்கில் அவ்வூர் மக்களுள் மிகப் பெரும்பாலோர் சங்கத்தின் நிழலில் வந்தனர். நாவலாசிரியர் ஏ. ஜே. கிரோனின் 1920களின் தொடக்கத்தில் மருத்துவராகப் பணியாற்றியது இவ்வூரில்தான். 1937இல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய 'தி சிட்டடல்' என்னும் அவரது நாவல் அந்த அனுபவத்தினின்று பிறந்தது.

இதே டிரெடிகரில் 1897ஆம் ஆண்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர் அனைரின் பெவன். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் தந்தை நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்த நோயால் 1925இல் மகன் கண்ணெதிரே மறைந்தார். அந்நோய் அக்காலத்தில் தொழில் நோயாக ஏற்கப்படாமையால் இழப்பீடு ஏதும் கிடைக்கவில்லை. அம்மகன் ஊரின் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றினார். 1929இல் பாராளுமன்றம் சென்றார். 1945 ஆகஸ்டில் சுகாதார அமைச்சரானார். நாட்டையே டிரெடிகர் ஆக்கப்போகிறோம் என்று அவர் பின்னாளில் கூறியதாகச் சொல்வர். கூலியிலிருந்து உடல் நலமாயிருக்கும்போதே சிறுதொகை கொடுத்துவிடுவது. நோய் வந்த நாளில் ஒன்றும் கொடாமலிருப்பது. பெரிய தத்துவ நூல்களிலிருந்து இது வரவில்லை. கரி படிந்த கைகள் வாரந்தோறும் கொடுத்த காசிலிருந்து வந்தது.

போரும் ஓர் அறிக்கையும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, குண்டு வீச்சில் காயமுறுவோர் வெள்ளமென வருவர் என்று அஞ்சிய அரசு, 1939இல் அவசர மருத்துவப் பணி ஒன்றை அமைத்தது. அறக்கொடை மருத்துவமனையாயினும் ஊராட்சி மருத்துவமனையாயினும் அரசின் திட்டத்துக்குள் வந்தன. அரசு அவற்றுக்குப் பணம் கொடுத்தது. நகரத்துப் பெரிய நிபுணர்கள் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அவற்றின் அவலத்தை அப்போதுதான் கண்ணால் கண்டனர்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942 டிசம்பரில் வில்லியம் பெவரிட்ஜின் அறிக்கை வெளிவந்தது. இல்லாமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை ஆகிய ஐந்து அரக்கர்களை ஒழிக்க வேண்டும் என்றது அது. அனைவர்க்கும் உரிய மருத்துவப் பணி ஒன்று ஏற்படும் என்ற நம்பிக்கையின்மேலேயே அவர் தம் முழுத் திட்டத்தையும் கட்டினார். அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? 1945ஆம் ஆண்டுக்கு 17 கோடிப் பவுன் என்று மதிப்பிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1965ஆம் ஆண்டுக்கு? அதே 17 கோடிப் பவுன். மருத்துவம் வளரும், ஆயினும் அதனால் மக்கள் நலம் பெற, நோய் குறையும், ஆகவே செலவு ஏறாது என்று அவர் எண்ணினார்.

இது நல்லெண்ணத்தின் பிழை. நோயிலிருந்து காப்பாற்றப்பட்டவர் என்றும் நோயின்றி வாழ்வதில்லை. முதுமை வரை வாழ்ந்து வேறு நோய்களோடு மருத்துவரிடம் வருகிறார். இளமையில் இறந்திருக்க வேண்டியவர் எழுபது வயதில் மருந்து கேட்பது மருத்துவத்தின் தோல்வியன்று, வெற்றி. ஆனால் அவ்வெற்றிக்கு விலை உண்டு. பெவரிட்ஜின் ஏடு அவ்விலையைக் காணவில்லை.

சட்டமும் அமைப்பும்

1946 நவம்பரில் தேசிய சுகாதாரப் பணிச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த அறக்கொடை மருத்துவமனைகள் 1,143. ஊராட்சி மருத்துவமனைகள் 1,545. இவற்றை ஒருசேர அரசுடைமையாக்குவது என்பது பெவனின் முடிவு. அமைச்சரவைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஊராட்சி மன்றங்களின் மருத்துவமனைகளைப் பறிக்கலாகாது என்று ஹெர்பர்ட் மாரிசன் வாதாடினார். ஏழை ஊராட்சியில் பிறந்தவனுக்கு ஏழை மருத்துவமனை, செல்வ ஊராட்சியில் பிறந்தவனுக்குச் செல்வ மருத்துவமனை என்ற நிலை தொடரும் என்பது பெவனின் மறுப்பு. பெவனே வென்றார்.

அமைப்பு மூன்று கிளைகளாயிற்று. முதற்கிளை மருத்துவமனைகள். இவற்றை வட்டார வாரியங்கள் பதினான்கு நிர்வகித்தன. மருத்துவக் கல்வி அளிக்கும் பெரிய மருத்துவமனைகள் தனிக் குழுக்களின்கீழ் நின்றன. இரண்டாவது கிளை குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், கண்ணாடி வழங்குவோர், மருந்துக் கடையினர். இவர்கள் அரசின் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர். குடும்ப மருத்துவர்க்குத் தம் பட்டியலில் பதிந்த தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். மூன்றாவது கிளை ஊராட்சி மன்றங்களிடம் எஞ்சியவை: அம்மை குத்துதல், மருத்துவச்சிகள், தாய் சேய் நலம், நோயாளி வண்டிகள். செலவின் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வந்தது. வாரந்தோறும் தாம் ஒட்டும் காப்புறுதி முத்திரையே இதற்கெல்லாம் பணம் என்று மக்களுள் பலர் எண்ணினர். உண்மையில் அதன் பங்கு மிகச் சிறிது.

மருத்துவர்களின் எதிர்ப்புக் கடுமையாயிருந்தது. அரசின் கூலியாட்கள் ஆகிவிடுவோம் என்று அஞ்சினர். 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிராகவும், ஐயாயிரத்துக்குக் குறைவானோர் ஆதரவாகவும் வாக்களித்தனர். பெவன் சில இடங்களில் இறங்கி வந்தார். மாதச் சம்பள முறையைத் திணிப்பதில்லை என்று சட்டத்திருத்தத்தால் உறுதி கூறினார். நிபுணர்கள் அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே தனி நோயாளிகளையும் பார்க்கலாம் என்று ஏற்கெனவே இசைந்திருந்தார். மருத்துவத் தொழிலிடங்களை விலைக்கு விற்கும் வழக்கத்தை ஒழித்ததற்கு ஈடாக 6 கோடியே 60 இலட்சம் பவுன் ஒதுக்கினார். நிபுணர்களின் வாயைப் பொன்னால் அடைத்தேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. பேச்சு எவ்வாறாயினும், இலட்சியமும் பேரம் பேசித்தான் நாட்டுக்குள் வரவேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை.

1948 ஜூலை 5ஆம் நாள் பணி தொடங்கிற்று. அன்று பெவன் மான்செஸ்டர் அருகிலுள்ள டேவிஹியூம் மருத்துவமனைக்குச் சென்று பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் படுக்கையருகே நின்றார். கட்டணம் எவ்வளவு என்று அவள் பெற்றோரை எவரும் கேட்கவில்லை.

வெளிவந்த வலிகள்

அடுத்து நிகழ்ந்ததை எவரும் முழுமையாக எதிர்பார்க்கவில்லை. முதல் ஆண்டில் 18 கோடிக்கு மேற்பட்ட மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. ஏறக்குறைய 85 இலட்சம் பேர் பல் மருத்துவம் பெற்றனர். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இலவசம் என்றதும் மக்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று சில பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

ஆனால் அக்கால மருத்துவர்கள் தம் நினைவுகளில் எழுதிவைத்தது வேறு. பல்லாண்டுகளாகக் கருப்பை இறங்கிய நிலையிலேயே சுமை தூக்கி வாழ்ந்த பெண்கள், குடலிறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள், சந்தைக் கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடியால் மங்கலாக உலகைப் பார்த்தவர்கள் வரிசையில் வந்து நின்றனர். மக்கள் ஜூலை மாதத்தில் புதிதாக நோயுறவில்லை. மறைத்து வைத்திருந்த நோயை வெளியில் எடுத்தனர். முன்பு அச்செலவு இல்லாமலா இருந்தது? இருந்தது. அதைப் பெண்ணின் முதுகெலும்பு கொடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளியின் கண் கொடுத்துக்கொண்டிருந்தது. 1948இல் அக்கணக்கு உடலிலிருந்து ஏட்டுக்கு மாறிற்று. ஏட்டில் கண்டதும் நாடு திடுக்கிட்டது.

கண்ணாடியால் உடைந்த அமைச்சரவை

ஒதுக்கிய தொகை போதாமல் பெவன் பாராளுமன்றத்தில் துணை மானியம் கேட்க நேர்ந்தது. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்க 1949இலேயே சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அது அப்போது செயற்படவில்லை. 1950இல் கொரியப் போர் மூண்டது. மூன்றாண்டுகளில் 470 கோடிப் பவுன் பாதுகாப்புக்குச் செலவிட அரசு திட்டமிட்டது. 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல், பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே கொடுக்க வேண்டுமென நிதியறிக்கையில் சேர்த்தார். முழு ஆண்டில் இதனால் கிடைக்கக் கூடியது 2 கோடியே 30 இலட்சம் பவுன். பாதுகாப்புச் செலவின்முன் அது துரும்பு.

துரும்புக்காகவே பெவன் பதவி துறந்தார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் அவருடன் வெளியேறினர். பிடிவாதம் என்றனர் சிலர். கண்ணாடிக்கு இன்று கேட்பவன் மருந்துக்கு நாளை கேட்பான் என்பது பெவனின் அச்சம். அது வீணன்று. அடுத்து வந்த கன்சர்வேடிவ் அரசு 1952 ஜூனில் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதித்தது. அக்கட்டணம் 1965இல் நீங்கி, 1968இல் திரும்பி வந்தது. பின்னாளில் வேல்ஸும், வட அயர்லாந்தும், ஸ்காட்லாந்தும் அதை அறவே நீக்கின, இங்கிலாந்தில் நிலைத்தது.

கெய்ட்ஸ்கெலின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. எல்லையற்ற வரவு எந்தக் கருவூலத்துக்கும் கிடையாது. நல்லவர் இருவர், ஒரு நல்ல பணியின் வாசலில், 2 கோடிப் பவுனுக்காகப் பிரிந்தனர் என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

கணக்குப் பார்த்தவர்கள் கண்டது

இச்செலவு நாட்டை விழுங்கிவிடும் என்ற குரல் ஓங்கிற்று. 1953இல் அரசு, கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் கிளாட் கில்லபோவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வீண் செலவைக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று அரசில் பலர் எதிர்பார்த்தனர். பிரையன் ஏபல் ஸ்மித், ரிச்சர்டு டிட்மஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆண்டுவாரியாகக் கணக்கைப் பிரித்தனர்.

1956இல் வெளிவந்த முடிவு எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாயிற்று. பவுன் கணக்கில் செலவு ஏறியது உண்மை. ஆனால் விலைவாசியும் நாட்டின் வருமானமும் அதைவிட வேகமாக ஏறியிருந்தன. 1949-50இல் தேசிய வருவாயில் 3.75 விழுக்காடாக இருந்த செலவு, 1953-54இல் 3.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கருவூலத்தை விழுங்கும் என்று அஞ்சப்பட்ட பணி, உண்மையில் தன் பங்கைவிடக் குறைவாக உண்டுகொண்டிருந்தது.

அதே குழு மற்றோர் உண்மையையும் கண்டது. புதிய கட்டடங்களுக்கு ஒதுக்கிய பணம் போருக்கு முன்பு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்களவே. மருத்துவமனைகளுள் 45 விழுக்காடு 1891க்கு முன்பு எழுந்தவை. பெவரிட்ஜ் செலவு ஏறாது என்று நம்பினார். எதிர்த்தோர் செலவு கட்டுக்கடங்காது என்று அஞ்சினர். இருவரும் பிழைபட்டனர். செலவு கட்டுக்குள் நின்றது. ஆனால் அதற்கான விலையை ஒழுகும் கூரையும் நெருக்கடியான கூடங்களும் கொடுத்தன. 1962இல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் தொண்ணூறு புதிய மருத்துவமனைகளுக்குத் திட்டம் வெளியிட்டதும் இக்குறையை உணர்ந்தே.

ஏட்டில் ஏறாத கொடையாளர்

இங்கே நம் பக்கத்து மக்கள் இவ்வரலாற்றில் நுழைகிறார்கள். 1957ஆம் ஆண்டில் ஹென்றி வில்லிங்கின் தலைமையிலான குழு, மருத்துவர் தொகை மிகுதியாகிவிடும் எனக் கணித்து, மருத்துவ மாணவர் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லிற்று. சில ஆண்டுகளிலேயே மருத்துவர் பஞ்சம் ஏற்பட்டது. அதை நிரப்பியவர்கள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற இளம் மருத்துவர்கள். இந்திய, பாகிஸ்தானிய இளம் மருத்துவர்கள் வந்திராவிடில் இப்பணி சரிந்திருக்கும் என்று 1961இல் பிரபுக்கள் சபையில் கோஹன் பிரபு வெளிப்படையாகக் கூறினார். இவர்களுள் பலருக்குக் கிடைத்தவை உள்நாட்டு மருத்துவர் விரும்பாத ஊர்களும் விரும்பாத துறைகளும்: முதியோர் மருத்துவம், மனநோய் மருத்துவம், சுரங்க ஊர்களின் குடும்ப மருத்துவம். டிரெடிகர் போன்ற பள்ளத்தாக்குகளில் மூச்சுத் திணறும் கிழவரின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர் நம் கண்டத்திலிருந்து போன ஒருவராகவே பெரும்பாலும் இருந்தார்.

ஒரு மருத்துவரை உருவாக்கும் செலவு பெரிது. அச்செலவை அவர் பிறந்த ஏழை நாடு செய்தது. பயனைச் செல்வ நாடு பெற்றது. பிரிட்டனின் எந்த நிதியறிக்கையிலும் இந்த நன்கொடை வரவாகக் குறிக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் அந்நாட்டில் முதலில் உயிர் கொடுத்த மருத்துவர் நால்வரும், சூடான், பாகிஸ்தான், நைஜீரியா ஆகிய நாடுகளில் வேர்கொண்ட முஸ்லிம்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. சிலர் தந்த கொடை பணத்தோடும் உழைப்போடும் நின்றுவிடவில்லை.

காலம் என்னும் நாணயம்

பிற்காலத்தில் அமைப்பு பலமுறை மாற்றி அமைக்கப்பட்டது. 1974இல் மூன்று கிளைகள் இணைக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குவோர், விற்போர் என்ற சந்தை முறையைப் புகுத்தியது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் உருமாற்றியது. நோய் தீர்க்கும் இடத்தில் கட்டணம் இல்லை என்ற அடிப்படை மட்டும் பெரும்பாலும் அசையவில்லை.

ஆனால் பணம் கேட்காத வாசலில் வேறொரு நாணயம் கேட்கப்படுகிறது. அதன் பெயர் காலம். 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்காகக் காத்திருந்த கணக்கு 77 இலட்சத்தைத் தாண்டிற்று. இடுப்பெலும்பு தேய்ந்த முதியவர் மாதக்கணக்கில் வலியோடு உட்கார்ந்திருக்கும்போது, அவரும் ஒரு விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இதை மறைப்பது இப்பணிக்கு நன்மை செய்வதாகாது.

இதனால் பழைய முறையே மேல் என்று சொல்லிவிட முடியுமா? கட்டணத்தையும் தனியார் காப்புறுதியையும் பெரிதும் நம்பும் அமெரிக்கா 2022இல் தன் வருமானத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிட்டது. பிரிட்டன் செலவிட்டது ஏறக்குறைய 11 விழுக்காடு. அவ்வளவு செலவிட்ட அமெரிக்காவில் அவ்வாண்டு காப்புறுதி ஏதுமின்றி இருந்தோர் இரண்டரைக் கோடிக்கு மேல். நோயாளியிடம் விலை கேட்பதால் நாட்டின் செலவு குறைந்துவிடும் என்பார் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்குரிய ஏடு

பிரிட்டனில் சட்டம் பிறந்த அதே 1946ஆம் ஆண்டில், நம் நாட்டிலும் ஓர் அறிக்கை வெளிவந்தது. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழுவின் அறிக்கை அது. சென்னையின் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க இயலாமையால் எவரும் தக்க மருத்துவத்தை இழக்கலாகாது என்பதை அக்குழு தன் முதற் கொள்கையாக வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது அந்த அறிக்கையால். கொள்கை ஒன்றே, அடுத்து நடந்தது வேறு. இந்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14இல் நாட்டின் மருத்துவச் செலவில் 64 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். 2021-22இல் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நூறு ரூபாயில் முப்பத்தொன்பது ரூபாய் இன்னும் நோய் வந்த நாளில், நோய் வந்த வீட்டில் கேட்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

பெவன் 1952இல் எழுதிய நூலின் பெயர் 'அச்சத்துக்குப் பதிலாக' என்று பொருள்படும். அவர் கட்டிய அமைப்பின் நோக்கம் அப்பெயரில் அடங்கிவிடுகிறது. மருத்துவத்தின் விலையை ஒழிக்க எந்நாட்டாலும் ஆகாது. தாயின் மறைத்த வலியாகவோ, தொழிலாளியின் வாரக் காசாகவோ, வரியாகவோ, ஒழுகும் கூரையாகவோ, அயல்நாடு வளர்த்த மருத்துவராகவோ, காத்திருக்கும் மாதங்களாகவோ அது யாரிடமிருந்தேனும் வாங்கப்பட்டே தீரும். அதை யாரிடம், எப்போது கேட்பது என்பது மட்டும் நாட்டின் கையில் இருக்கிறது.

பலரிடம், அவர்கள் நலமாயிருக்கும் நாளில், சிறிது சிறிதாகக் கேட்கலாம். ஒருவரிடம், அவர் படுத்திருக்கும் இரவில், மொத்தமாகவும் கேட்கலாம். டிரெடிகரின் சுரங்கத் தொழிலாளர் முன்னதைத் தேர்ந்தனர். அவர்கள் செல்வர்கள் அல்லர். நள்ளிரவில் கழற்றப்படும் வளையலின் ஓசையை அறிந்தவர்கள், ஆகவே தேர்ந்தனர்.